ஜீப்ரா கோட்டில் என் மகள் இறங்கிய அன்று

போன டிசம்பரில் திருச்சி போயிருந்தோம். உறையூரில் அப்பா வீட்டிலிருந்து காலையில் பால் வாங்கக் கிளம்பினோம். என் ஏழு வயது மகள் சட்டென்று கையை விடுவித்துக்கொண்டு ஜீப்ரா கிராஸிங்கில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடவில்லை, விளையாடவில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி முதலில் இடது பக்கம் பார்த்தாள், அப்புறம் வலது பக்கம் பார்த்தாள், தூரத்தில் ஒரு கார் வருவதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அவள் வளர்வது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில். வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும் நாட்டில் முதல் ஆபத்து இடது பக்கத்திலிருந்து வரும், அதனால் இடதுதான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் அது தலைகீழ். ஜெர்மனியில் ஒருவர் கடக்க வந்து அந்த வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் நின்றாலே வண்டி நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் 80 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளி. அபராதமெல்லாம் அவளுக்குத் தெரியாது. கோட்டில் கால் வைத்தால் கார் நிற்கும், அவ்வளவுதான் தெரியும்.

கார் நிற்கவில்லை. ஒடித்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்த பைக்காரர் பிரேக் அடித்துச் சறுக்கி நின்றார். "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கத்தும்போதே அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து, பாப்பாவுக்கு அடி ஒன்றும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் போனார்.

அன்று இரவு சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து இதையே பேசினார்கள். "நம்ம ஜனங்களைத் திருத்தவே முடியாதும்மா. ஜெர்மன்காரனுக்கு ஒழுங்குங்கிறது ரத்தத்துலயே இருக்கு" என்றார் பெரியப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. இந்தப் பதிவை எழுதுவதே அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான்.

நானும் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவள்தான். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் வரைதான் இந்திய லைசென்ஸ் செல்லும், அதன் பிறகு எழுத்துத் தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் தேறித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் கண் பரிசோதனை, ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, மார்பை எப்படி அழுத்துவது என்று தெரியாதவர் கையில் ஸ்டியரிங்கைத் தருவதில்லை. எனக்கு அங்கே மிகவும் பிடித்த விதி இது.

முதல் ஓட்டுநர் தேர்வில் தோற்றேன். குடியிருப்புப் பகுதி, சிக்னல் இல்லை, பலகை இல்லை. நான் போய்க்கொண்டிருந்த தெரு கொஞ்சம் அகலம். வலது பக்கச் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். நான் கார், அவள் சைக்கிள், என் தெரு பெரியது, அவள் நிற்பாள் என்று என் உடம்பே முடிவு செய்துவிட்டது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் பிரேக்கை மிதித்தார், அத்தோடு தேர்வு முடிந்தது. பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கே முதல் வழி, அவர் லாரியில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோது தெரிந்தது, இதே விதி நம்மிடமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் இந்தியச் சாலை விதிகளிலேயே, முக்கியச் சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்புறம் வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. லைசென்ஸ் வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சாலைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பெரிய வண்டிக்கு முதல் வழி, அளவு ஒன்றானால் முதலில் மூக்கை நுழைத்தவருக்கு. ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால் "நான் வந்துட்டேன், நீ நில்லு" என்று நம் ஊரில் அர்த்தம். ஜெர்மனியில் குறுகிய தெருவில் எதிரே வருபவர் அப்படி அடித்தால், பெரும்பாலும் "நீங்க வாங்க, நான் நிக்கிறேன்." முதல் சில வாரம் அவர் எனக்காக நிற்பார், நான் அவருக்காக நிற்பேன், இருவரும் அப்படியே நின்றுகொண்டிருப்போம்.

ஆக, நம்மிடம் விதிகள் இல்லாமல் இல்லை. சாலையில் ஓடுவது வேறொரு விதி, எல்லோரும் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம். வேறு மாதிரி கற்றுக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஜெர்மனியே அதற்குச் சாட்சி.

1970-ல் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 19,193 பேர் சாலையில் செத்தார்கள். அப்போது அங்கே ஏறத்தாழ ஆறு கோடிப் பேர். 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் பெரியப்பா. ரத்தத்தில் ஒழுங்கு இருந்தவர்களுக்கா இப்படி? அதே 2022-ல், கிழக்கும் மேற்கும் சேர்ந்த, எட்டுக் கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் ஜெர்மனியில் இறந்தவர்கள் 2,800-க்கும் குறைவு.

நடுவில் நடந்தவை ஒன்றிரண்டு இல்லை. ஊருக்கு வெளியே சாதாரண சாலைகளில் 1972-ல் 100 கிலோமீட்டர் வேக வரம்பு வந்தது, அடுத்த ஆண்டே, வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் மது எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கடுமையான வரம்பு வந்தது. 1976-ல் முன் சீட்டில் பெல்ட் கட்டாயம் என்றார்கள், ஆனால் அபராதம் வைக்கவில்லை. நிறையப் பேர் போடவில்லை. கார் தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம் என்றார்கள், என் உயிர் என் இஷ்டம் என்றார்கள். நம் ஊரில் பைக் டேங்க்கின் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு போகிறவர்கள் சொல்லும் அதே காரணங்கள். 1984 ஆகஸ்ட்டில் 40 மார்க் (அப்போதைய ஜெர்மன் நாணயம்) அபராதம் வந்தது. அதுவரை 60 சதவீதத்தை ஒட்டியே இருந்த பெல்ட் பழக்கம் ஒரே தாவலில் 90-ஐத் தாண்டியது. ஒரே ஆண்டில் ரத்தமா மாறியது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வின்னென்டன் என்ற ஊர். 1969 மே மாதம் அங்கே பியோர்ன் ஷ்டைகர் என்ற எட்டு வயதுப் பையன் நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் கார் மோதி விழுந்தான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்துபோனான். அவன் பெற்றோர் அதே ஆண்டு ஜூலையில் அவன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரம் அவசரத் தொலைபேசிகள், நாடு முழுக்க ஒரே அவசர எண் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். என் மகளின் வயதையொட்டிய பையன். அந்த அம்மாவை நினைக்காமல் அந்த ஊரைக் கடக்க என்னால் முடிவதில்லை.

ஆட்டோபான் என்ற ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலையில் வண்டிகள் தேங்கத் தொடங்கினாலே, இடது ஓர வரிசை இடப்பக்கமும் மற்ற வரிசைகள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு சந்து விட வேண்டும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட பிறகு இல்லை, அதற்கு முன்பே. ரெட்டுங்ஸ்காஸ என்பார்கள், உயிர்காக்கும் சந்து. இந்த விதியும் அங்கே பல காலமாக ஏட்டில்தான் இருந்தது. 2017 ஜூலையில் பவேரியாவில் மியுன்ஷ்பெர்க் அருகே ஒரு பஸ் எரிந்து 18 பேர் இறந்தபோது, மீட்பு வண்டிகளுக்கு ஒழுங்காக வழி விடாதவர்கள் ஜெர்மானியர்கள்தான். நாடே கொதித்தது. 20 யூரோவாக இருந்த அபராதம் அந்த ஆண்டே குறைந்தது 200 யூரோ ஆனது. நம் சட்டத்திலும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் என்று 2019-லேயே எழுதியாகிவிட்டது. ஆனால் 108 சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று நம்மில் யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மனசு இருக்கிறது. பைக்காரர்கள் இறங்கி நின்று கை காட்டி வழி ஏற்படுத்துவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மனசு இல்லாதவரா அன்று என் மகளுக்காகக் கை நடுங்கி நின்றார்?

நம் ஊரில் எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பெரிய காரியம் அது. ஆனால் அடிபட்ட பிறகு காப்பாற்றுவதில் காட்டிய அக்கறை, அடிபடாமல் காப்பதிலும் வேண்டும். பள்ளி வாசலில் கார் தானாக வேகம் குறைகிற மாதிரி சாலையே அமைய வேண்டும். அபராதம் போலீஸ்காரர் நிற்கும் நாளில் மட்டும் என்று இல்லாமல், ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வர வேண்டும். பேசி முடித்துக்கொள்ள வழி இருக்கக் கூடாது.

அப்பா இப்போது அந்த ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடையும், அழிந்துபோன கோட்டுக்குப் புது பெயின்ட்டும் கேட்டு வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதியிருக்கிறார். முட்டி வலியோடு தெருத் தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறார். நேற்று வரை 41. முதல் கையெழுத்து பெரியப்பா போட்டது. உறையூர்ப் பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அப்பா வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்.