அந்த ஒரு வரி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கின் பொதுக்கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். நேற்று ராத்திரி ஒரு தம்பி, "இன்னும் அதையே பேசிட்டிருக்கீங்களாமே அக்கா, விட்டுடுங்க" என்று செய்தி அனுப்பியிருந்தார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே இந்தப் பெயர் என்றால், பேசிவிட்டே வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் வந்தது பங்கின் 14 பக்க ஆண்டறிக்கை. வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை போட்டதற்கு ஒரு பக்கம். ஒலிபெருக்கி மாற்றியதற்கு அரைப் பக்கம், படத்தோடு. பெண்கள் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒரு முழு ஆண்டுக்கு, "பெண்கள் அமைப்புகள் வழக்கம்போல் தங்கள் ஒத்துழைப்பை நல்கின."

ஒரே வரி. அதிலும் அந்த 'வழக்கம்போல்'. மழை வழக்கம்போல் பெய்தது, வெயில் வழக்கம்போல் அடித்தது, பெண்கள் வழக்கம்போல் செய்தார்கள்.

எங்கள் குழுவில் மூத்தவரான அம்மா எழுந்து, "நாங்க செஞ்சது ஒண்ணும் இதுல இல்லையே" என்று மெதுவாகத்தான் கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில் உங்களுக்கே தெரியும். "அம்மா, நீங்க என்ன விளம்பரத்துக்கா செய்றீங்க? மேல இருக்கிறவர் எழுதி வச்சிருப்பார்." கூடம் சிரித்தது. அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நானும் சிரித்தேன். மேடையில் இருப்பவர் சிரித்தால் நாமும் சிரித்துவைக்கும் பழக்கம். மூன்று நாளாக என்னைத் தின்பது அந்த வரியா, என் சிரிப்பா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சரி, மேலே இருக்கிறவர் எழுதி வைத்திருப்பார். நம்புகிறேன். அப்படியென்றால் ஒலிபெருக்கியை மட்டும் நாம் ஏன் எழுதினோம்? அதை எழுத அவருக்கு நேரமில்லையா?

அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன், யாரும் எழுதப் போவதில்லை என்பதால். மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க அமைப்பில் நாங்கள் இருக்கிறோம். அதன் உள்ளூர்க் குழுவுக்குப் பிரசீடியம் என்று பெயர்; எங்கள் பிரசீடியத்தில் ஒன்பது பேர். சேனையின் முறைப்படி வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் பணி, இருவர் இருவராக. 52 வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 936 மணி நேரம். உடம்புக்கு முடியாத வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள், அப்படியும் ஒரு வரியில் அடங்காது. இது ஒரு குழு மட்டும். மறைக்கல்வி வகுப்பு தனி. துக்க வீட்டு ஜெபம் தனி. மருத்துவமனையில் யாருமே வராத படுக்கைகளைத் தேடிப் போய் உட்காருவது தனி. கணவனால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணோடு ஆறு மாதம் அலைந்தார்கள் இரண்டு பேர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், அது அந்தப் பெண்ணின் கதை.

அப்புறம் பீடத் துணிகள். திருமேனித்துகிலை, அதாவது திருப்பலியில் நற்கருணை அப்பத்தை வைக்கும் துணியை, துவைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும்? முதலில் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணிலோ அதற்கென்று இருக்கும் தொட்டியிலோ ஊற்ற வேண்டும். நற்கருணைத் துகள் ஏதும் ஒட்டியிருக்கலாம் என்ற மரியாதை. அதற்குப் பிறகுதான் சோப்பு. அலசிய தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதற்குக்கூடத் திருச்சபையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அலசிய கைக்கு 'வழக்கம்போல்'.

"வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே?" வரும், இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். எனக்கும் மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரம் தெரியும். அது தர்மம் செய்கிறவன் தன்னைப் பற்றித் தானே ஊதிக்கொள்ளும் எக்காளத்தைப் பற்றியது. அடுத்தவர் செய்ததை நீங்கள் மறைப்பதற்கு அங்கே அனுமதி எதுவும் இல்லை. அதோடு, சேனையின் வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் போன வாரம் என்ன செய்தோம் என்று வாய்விட்டு அறிக்கை தர வேண்டும். 1921 செப்டம்பர் 7-ஆம் தேதி டப்ளினில் சேனை தொடங்கியபோது கூடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதலில் எடுத்துக்கொண்ட வேலையே மருத்துவமனையில் பெண் நோயாளிகளைச் சந்திப்பது. அன்றிலிருந்து அறிக்கை கொடுப்பது சேனையில் கடமை. அது விளம்பரம் என்றால் நூறு வருடமாக விளம்பரம்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாப்பாவில் தபித்தா இறந்துவிடுகிறார். பேதுரு வந்ததும் கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, தபித்தா தங்களுக்குச் செய்து கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆண்டறிக்கை என்றால் எனக்கு அதுதான். யாரும் அந்தக் கைம்பெண்களிடம் "மேல இருக்கிறவருக்குத் தெரியும், துணியை மடிச்சு வைங்க" என்று சொல்லவில்லை. பேதுரு பார்த்தார். லூக்கா அதை எழுதினார். எழுதியதால்தான் தபித்தா என்று ஒருத்தி இருந்தது எனக்கும் உங்களுக்கும் தெரியும். அதே லூக்காதான் தன் நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா என்று பெயர் பெயராக எழுதி, இவர்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தார்கள் என்கிறார். 'பெண்கள் வழக்கம்போல் ஒத்துழைத்தனர்' என்று அவரும் முடித்திருக்கலாம், தாள் மிச்சமாகியிருக்கும்.

என்னைப் பெற்ற அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது.

அம்மா 19 வருடம் சேனையில் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனை. என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தைய நாளும் போனார். அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளையை விட எவரோ முக்கியமா என்று. ரொம்ப நாள் அந்தக் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அம்மா இறந்த பிறகு அலமாரியில், கூட்டத்தில் சொல்வதற்காகக் குறித்து வைத்த ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. பெயர் எதுவும் இல்லை, சேனையில் ரகசியம் காக்க வேண்டும். "படுக்கை 6. பேசவில்லை. அரை மணி உட்கார்ந்திருந்தோம்." அடுத்த வாரம், "படுக்கை 6. பேசவில்லை." அதற்கடுத்ததும் அப்படியே. ஐந்தாவது வாரம், "படுக்கை 6. மகன் பெயரைச் சொன்னார்." அந்தத் தேதியைப் பார்த்தேன். என் பரீட்சைக்கு முந்தைய நாள். அதற்கடுத்த வாரம், "படுக்கை 6 காலி."

என்னிடம் அம்மா இதைச் சொன்னதே இல்லை. அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் சாகிறவரைக்கும் அந்த ஒரு சாயங்காலத்தை வைத்து அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன். எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

"ஆண்களும்தானே உழைக்கிறார்கள்?" ஆமாம், உழைக்கிறார்கள். அவர்களுக்கு அரைப் பக்கமும் படமும் கிடைத்தது. அடுத்த கேள்வி.

"மார்த்தாவைப் போலப் பரபரக்காதீர்கள், மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள்." இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையில் பரபரத்தவர் மார்த்தா, அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர் சகோதரி மரியா. இதை எங்களுக்குச் சொன்னவர் யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லி முடித்த கையோடு "நாற்காலி பத்தல, கொஞ்சம் பார்த்து ஏற்பாடு பண்ணுங்களேன்" என்றார். நாங்கள் எல்லாரும் மரியா ஆகிவிட்டால் நாற்காலி போடுவது யார் ஃபாதர்?

அய்யோ, வாய் தவறி வந்துவிட்டது. இருக்கட்டும், அழிக்கவில்லை.

இன்னொருவர், "அறிக்கை எழுதும் குழுவிடம் நீங்கள் விவரம் கொடுக்கவில்லையே" என்கிறார். இது நியாயமான பேச்சு போலத் தெரியும். முதல் தடவை கேட்டபோது எனக்கும் சுருக்கென்றது, ஒருவேளை தப்பு நம் பக்கமோ என்று. ஆனால் ஒலிபெருக்கி தன்னைப் பற்றி விவரம் எழுதிக் கொடுத்ததா? யாரோ போய்ப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை. அது மட்டுமா, அறிக்கைக் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. நிதிக்குழுவிலும் இல்லை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், எண் 537. அதில் ஆண்கள் மட்டும் என்று எங்கும் இல்லை.

1617-இல் பிரான்சில் ஷாத்திலியோன் என்ற ஊரில் பங்குத்தந்தையாக இருந்தவர் வின்சென்ட் தே பால். ஒரு வீட்டில் எல்லாருமே நோயாய்ப் படுத்திருக்கிறார்கள் என்று மறையுரையில் சொன்னார். அன்று மதியமே பெண்கள் சாரி சாரியாகச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு இவ்வளவும் போனால் நாளைக்கு என்ன என்று யோசித்த அவர், அந்தப் பெண்களை அமைப்பாகச் சேர்த்து, யார் எந்த நாள், நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுவரை விதிமுறை எழுதினார். பிற்பாடு ஆண்களும் பெண்களும் சேர்ந்த குழுக்களையும் நடத்திப் பார்த்தார். ஆண்கள் எல்லாவற்றையும் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்த்ததால் ஒத்துவரவில்லை, பெண்களின் நிர்வாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு கவனம், அவ்வளவு துல்லியம் என்று கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். நான் சொன்னால் பெண்ணியம் என்பீர்கள். இவர் புனிதர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013 அக்டோபரில் சொன்னதும் ஞாபகம் வருகிறது. திருச்சபையில் பெண்ணின் சேவை அடிமை வேலையாகச் சரிந்துபோவதைப் பார்க்கும்போது வேதனைப்படுகிறேன் என்றார். 2021-இல் வாசகர், பீடப் பணியாளர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படித் திறந்தார். 2023 ஆயர் (பிஷப்) மாமன்றத்தில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்களித்தார்கள். உரோமையில் வாக்கு வரைக்கும் வந்தாயிற்று. நம் பங்கில் இரண்டாவது வரிக்கு இடமில்லை.

"இவ்வளவு மனக்கசப்போடு செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாமே" என்று யாராவது எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். கசப்பு எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த மூத்த அம்மாவுக்கு இல்லை. திங்கட்கிழமை ஃபோன் செய்து, "நான் கேட்டிருக்கக் கூடாதோ?" என்று என்னிடம் கேட்கிறார். 40 வருடம் உழைத்தவர், ஒரு கேள்வி கேட்டதற்கு மன்னிப்பு கேட்கும் குரலில் பேசுகிறார். உங்கள் சிரிப்பு செய்த வேலை அது. என் சிரிப்பும்.

அறிக்கையைத் திருத்தி வெளியிடக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒன்பது கையெழுத்து. கேட்டதற்கு மன்னிப்பு கேட்டவர் முதலில் போட்டார். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை, மருத்துவமனை என் முறை. போவேன். வேலையை நிறுத்தினாலாவது எழுதுவார்களோ என்று மூன்று நாளாக யோசித்துப் பார்த்துவிட்டு, போன வாரம் பேசாமலே படுத்திருந்தவர் முகம் ஞாபகம் வந்து, சாயங்காலம் பையை எடுத்து வைத்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.