தீ மூட்டுவது எளிது, புகையை என்ன செய்வீர்கள்?

"புகையே வராத குப்பை எரிப்பான், வீட்டிலேயே செய்யலாம்" என்று யாராவது ஒருவர் எனக்கு வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. 200 லிட்டர் டிரம், அடியில் வரிசையாகத் துளைகள், நடுவில் ஒரு கம்பி வலை, மூடியில் ஒரு குழாய். காய்ந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுப் பற்றவைக்கிறார்கள். தீ ஜெகஜ்ஜோதியாக எரிகிறது, புகையைக் காணோம், வீடியோவும் அதோடு முடிந்துவிடுகிறது. பாதி ஈரமாக இருக்கும் கலப்படக் குப்பைப் பையை அதே டிரம்மில் போட்டு, அரை மணி கழித்துக் குழாயைக் காட்டிய வீடியோ ஒன்றைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டளவில் ஒழுங்கான குப்பை எரிப்பான் செய்ய முடியாது. செய்பவருக்குத் திறமை போதாது என்பதல்ல விஷயம், அந்த அளவே இடம் கொடுக்காது. பெரிய எரியுலைகளுக்கு வக்காலத்து வாங்கவும் இதை எழுதவில்லை. அவற்றிடமும் கேட்கக் கேள்விகள் இருக்கின்றன.

குப்பை அப்படியே எரிவதில்லை. சூடேற ஏற அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. சுடராக நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த வாயு எரிவதைத்தான். ஆகவே எரியுலை வடிவமைப்பு என்றால் முக்கால்வாசி வாயுவைப் பற்றிய கவலை. அது போதுமான சூட்டில், போதுமான நேரம், காற்றோடு நன்றாகக் கலந்து இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாதி எரிந்த சரக்கு புகைபோக்கி வழியே வெளியே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுத் தொழிற்சாலை உமிழ்வு உத்தரவு இதற்கு எண்களே கொடுத்திருக்கிறது: கடைசியாகக் காற்று செலுத்தும் இடத்தைத் தாண்டிய பிறகு வாயு குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடி இருக்க வேண்டும். குளோரின் போன்றவை ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் அபாயக் கழிவு என்றால் 1100 டிகிரி.

இரண்டு விநாடிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கலப்புக் குப்பை எரிந்தால் சாதாரண நிலையில் 5 முதல் 6 கனமீட்டர் புகைவாயு வரும். 850 டிகிரியில் அது நான்கு மடங்கு விரிந்து 22 கனமீட்டரைத் தாண்டிவிடும். மணிக்கு வெறும் 10 கிலோ எரிக்கிறீர்கள் என்றால், விநாடிக்குச் சுமார் 60 லிட்டர் சூடான வாயு. அதை 2 விநாடி தக்கவைக்க 120 லிட்டருக்கு மேல் ஓர் அறை வேண்டும். குப்பை போடும் இடம் இதில் சேராது. இது தனி இரண்டாவது அறை. உள்ளே தீச்செங்கல் பூச்சு, எப்போதும் 850க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள எண்ணெயோ எரிவாயுவோ குடிக்கும் தனி பர்னர், காற்று செலுத்த ஒரு புளோயர், வெப்பத்தை அளக்க ஒரு கருவி. டிரம்மின் பாதிக்கு மேல் இந்த அறைக்கே போய்விட்டது. நாம் இன்னும் வடிகட்டி பக்கமே போகவில்லை.

இதில் சுவர் இன்னொரு தொல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், ஆனால் சுவர்ப் பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறையும். ஆக, சிறிய உலைக்கு அதன் வயிற்றளவை வைத்துப் பார்த்தால் பத்து மடங்கு சுவர். அத்தனை சுவரும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் தீ செந்தணலாக இருந்தாலும் சுவர் ஓரமாக நழுவிப் போகும் வாயு அரைகுறையாகத்தான் எரியும். டிரம் தகடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய குறையாகப் படுவது தொடக்கமும் முடிவும்தான். எந்த உலையும் மோசமாகப் புகைவது பற்றவைக்கும்போதும் அணையும்போதும். பெரிய ஆலையில் முதலில் பர்னரை மட்டும் ஓட்டி உலையை 850க்குக் கொண்டுவந்த பிறகுதான் முதல் குப்பையே உள்ளே போகும். வெப்பம் இறங்கினால் குப்பை போகும் வழி தானாக அடைபடும். அப்புறம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அணையாமல் ஓடும். வீட்டு எரிப்பானோ தினமும் மாலை ஒரு மணி நேரம் எரிகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் முதல் பாதி தொடக்கம், மறுபாதி முடிவு. சீராக எரியும் நிலை என்ற ஒன்று அதன் வாழ்நாளிலேயே கிடையாது.

இதெல்லாம் இன்று நேற்றுக் கண்டுபிடித்த ஞானமும் அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆல்ஃபிரெட் ஃப்ரையர் வடிவமைத்த 'டெஸ்ட்ரக்டர்' 1874இல் வந்தது. ஊர்க் குப்பையை முறையாக எரிக்கக் கட்டிய முதல் உலை என்று அதைச் சொல்கிறார்கள். அந்த வகை உலைகளின் நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் கூச்சல் போட, லண்டன் பக்கத்து ஈலிங்கைச் சேர்ந்த சார்லஸ் ஜோன்ஸ் 1885இல் புகையை மட்டும் மறுபடி எரிக்கத் தனியாக ஒரு கோக் (சுட்டெடுத்த நிலக்கரி) தீயைச் சேர்த்தார். இரண்டாவது அறையின் முன்னோடி அதுதான். இன்றைய டிரம் வீடியோக்கள் 1885க்கே இன்னும் வந்து சேரவில்லை.

வீட்டு எரிப்பானை ஒரு நகரமே பரீட்சித்துப் பார்த்த கதையும் உண்டு. நியூயார்க்கின் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான எரிப்பான்கள் இருந்தன. அவற்றில் ஒரு வகையின் வடிவமைப்பைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு சின்னக் கதவு. திறந்து குப்பையைப் போட்டால் அது நேராக அடித்தளத்து உலையில் விழும். அதே குழல்தான் புகைபோக்கியும்! மேலே புகை ஏறிக்கொண்டிருக்க, கீழே குப்பை இறங்குகிறது. யாராவது நடுவில் கதவைத் திறந்தால் இழுவை குலைந்து புகை வீட்டுக்குள் வரும். ஈரப் பொட்டலம் ஒன்று விழுந்தால் தணல் சாம்பி, கூரை வழியாகக் கரித்தூள் பறக்கும். கட்டுபவருக்கு ஒரு குழல் மிச்சம், அவ்வளவுதான் லாபம். 1989இல் சட்டம் போட்டு 1993க்குள் எல்லாவற்றையும் மூட வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் அதற்கு வெகு முன்பே, 1957இல், கொல்லைப்புற எரிப்பான்களைத் தடை செய்துவிட்டது. ஊரையே மூடிய புகைமூட்டம் அதைச் செய்ய வைத்தது.

சரி, கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்றால் பிரச்சினை இல்லையா? கண்ணுக்குத் தெரிவது கரித்துகளும் நீராவியும். கார்பன் மோனாக்சைடு தெரியாது. துளியளவே கெடுதி செய்யும் நச்சான டயாக்சின் தெரியவே தெரியாது. அந்த ஐரோப்பிய 2010 உத்தரவு அதற்கு வைத்த வரம்பு ஒரு கனமீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம். குப்பை உலைச் சாம்பலில் டயாக்சின் இருப்பதையே ஆம்ஸ்டர்டாமில் 1977இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்த டயாக்சினில் ஒரு விவகாரம் இருக்கிறது. உள்ளே 850 டிகிரியில் அது சிதைந்துவிடும். ஆனால் வெளியேறும் புகை ஆறிக்கொண்டே வரும்போது, சுமார் 450 முதல் 200 டிகிரிக்குள், சாம்பல் துகள்களின் மேல் மறுபடி உருவாகும். கார்பனும் குளோரினும் இருந்தால் போதும், தாமிரத் துகள் ஊக்கியாக வேலை செய்யும். குளோரினுக்குப் பிவிசி பிளாஸ்டிக்தான் வேண்டும் என்பதில்லை, உணவு மிச்சத்தில் இருக்கும் உப்பே போதும். அதனால் அந்த வெப்ப வரம்பைப் புகை சட்டென்று கடந்துவிட வேண்டும். இங்கேதான் பொறியாளருக்கு இருதலைக் கொள்ளி: கொதிகலனில் நீராவி எடுக்க வேண்டுமானால் வாயுவைப் பொறுமையாக ஆறவிட வேண்டும், டயாக்சினைத் தவிர்க்க வேண்டுமானால் மளமளவென்று குளிரவைக்க வேண்டும். குழாய்களில் சாம்பல் படியாமல் ஓயாது தட்டிச் சுத்தம் செய்வதெல்லாம் இந்த இழுபறியின் விளைவு.

இப்போது வீடியோக்களில் அடுத்த கட்டமாக வரும் சரக்கைப் பாருங்கள். "குப்பையை எரித்து இலவச வெந்நீர்!" புகைக் குழாயைச் சுற்றித் தாமிரச் சுருள். நீளமான குழாய், அதில் தங்கித் தங்கிப் போகும் புகை, உள்ளே படிந்த சாம்பல், 200க்கும் 450க்கும் நடுவே வெப்பம். டயாக்சின் செய்ய வேண்டும் என்றே உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடச் சிறப்பாக ஒன்றை வரைய முடியாது. ஆற்றல் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அதுதான் இன்னும் வருத்தம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் பீப்பாயில் வீட்டுக் குப்பையை எரித்து அளந்து பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவுப்படி, 2 முதல் 40 வீடுகள் தினமும் பீப்பாயில் எரித்தால் போதும், ஒரு நாளைக்கு 200 டன் எரிக்கும் நவீன ஆலை விடும் டயாக்சினுக்கு அது ஈடாகிவிடும். வீடு எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதே விஷயத்தைச் சொல்கிறது. குப்பையில் என்ன இருந்தது, எவ்வளவு ஈரம், எப்படி அடுக்கினார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு முடிவு.

கழிவறைச் சுவரில் மாட்டும் மின்சார நாப்கின் எரிப்பான்களையும் நான் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். நான் பார்த்தவை எல்லாம் ஒரு சுருள், ஒரு சின்னப் பெட்டி, வெளியே ஒரு குழாய். இரண்டாவது அறையும் இல்லை, வெப்பமானியும் இல்லை. ஈரமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு பொருளுக்கு இது போதாது. பெண்களுக்கு அந்த வசதி தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மூடிய தொட்டியில் சேர்த்து, ஒழுங்கான உலைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர்கள் பெட்டியை மாட்டிவிட்டுக் கைகழுவுவதைத்தான் சொல்கிறேன்.

இனி பெரிய ஆலைகள். பொறியியலாகப் பார்த்தால் ரசிக்காமல் இருக்க முடியாது. குப்பை மேலே கிடந்து எரிய, மியூனிக்கின் ஜோசப் மார்ட்டின் 1920களில் கொண்டுவந்த தட்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு முன்பக்கமாகச் சரிந்திருக்கும். ஆனால் அதன் இரும்புச் சட்டங்கள் சரிவுக்கு எதிராக, மேல்நோக்கித் தள்ளும். குப்பை கீழே சரியப் பார்க்க, சட்டங்கள் தணலை மேலே ஏற்றிப் புதுக் குப்பையின் அடியில் செருகும். இப்படிப் புரண்டு புரண்டு வந்து சேரச் சுமார் ஒரு மணி நேரம். அடியிலிருந்து வரும் காற்று குப்பையை உலர்த்தி எரிக்கும், மேலே பக்கவாட்டில் பாயும் இரண்டாவது காற்று வாயுவைக் கலக்கி எரிக்கும். டிரம்மின் துளைகள் அடிக்காற்றை மட்டும்தான் தரும் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் எவ்வளவு நல்ல தட்டானாலும் தண்ணீரிடம் அதன் ஜம்பம் சாயாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கி 850 டிகிரி வரை ஏற்ற 4 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் செலவாகும். உலை தன் சூட்டிலேயே எரிய, குப்பையின் வெப்ப மதிப்பு சராசரியாகக் கிலோவுக்கு 7 மெகாஜூலாவது இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6க்குக் கீழே போகக் கூடாது என்பது உலக வங்கியின் பழைய வழிகாட்டுதல். டெல்லி திமார்பூரில் 1980களின் பிற்பகுதியில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரிக்க ஓர் ஆலை கட்டினார்கள். வந்த குப்பையில் ஈரமும் மண்ணும்தான் அதிகம். சோதனை ஓட்டத்தைத் தாண்டி அது ஒழுங்காக ஓடவே இல்லை. வேறொரு குப்பைக்கு வரைந்த உலை அது. இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஈரம் இடிக்கிறது என்றால் சூட்டைத் தருவது யார்? காகிதம் சுமார் 15 மெகாஜூல், பாலித்தீன் 40க்கு மேல். அதாவது மறுசுழற்சிக்குப் போகக்கூடிய சரக்குதான் உலைக்கு உயிர். அதைப் பிரித்து எடுத்துவிட்டால் தீ மங்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இவ்வளவு டன் தருகிறேன் என்று நகராட்சி கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் குப்பையைக் குறைப்பதே நகராட்சிக்கு நஷ்டம். எனக்குப் பெரிய ஆலைகள் மேல் இருக்கும் முதல் சந்தேகம் இது. ஈரக் குப்பையைத் தனியே எடுத்து உரமாக்காத ஊரில் உலை பற்றிப் பேசுவதே வீண் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, சாம்பல். எரித்தால் காணாமல் போய்விடும் என்கிற நினைப்பு பலருக்கு. கொள்ளளவு 90 சதவீதம் வரை குறையும், எடையிலோ கால்வாசி அடிச்சாம்பலாக அப்படியே நிற்கும். சுண்ணாம்பும் ஆக்டிவேட்டட் கார்பனும் தூவி, துணிப்பை வடிகட்டியில் பிடிக்கும் நுண்சாம்பல் கொஞ்சம்தான், ஆனால் ஈயம், காட்மியம், பாதரசம், டயாக்சின் எல்லாம் அதில்தான் வந்து சேரும். வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சாம்பல் விஷம். அதற்கென்று காப்பான குழி இல்லாத ஆலை, காற்றில் போக வேண்டியதை மண்ணுக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

தொற்றுள்ள மருத்துவக் கழிவில் ஒரு பகுதி, காலாவதியான மருந்துகள், சில தொழிற்சாலை ரசாயனங்கள் இவற்றுக்கு 1100 டிகிரி உலை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வட்டாரத்துக்கு ஒன்று, அதுவும் முறையாக ஓடினால் போதும். ஊர்க் குப்பைக்கு உலை கேட்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. அந்த 2010 உத்தரவே டயாக்சினை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 6 முதல் 8 மணி நேரம் அளந்தால் போதும் என்றுதான் சொன்னது. ஆலை ஓடுவதோ ஆண்டுக்கு 8,000 மணி நேரம் வரை. அளக்க வரும் நாளில் எந்த ஆலையும் சமர்த்தாகத்தான் எரியும். பற்றவைக்கும் நாள், அணைக்கும் நாள், பழுதான நாள் உட்பட ஆண்டு முழுக்கப் புகைபோக்கியிலேயே மாதிரி எடுக்கும் கருவி இருக்கிறது, ஐரோப்பாவில் சில இடங்களில் அது புழக்கத்திலும் இருக்கிறது. அதை மாட்டி, எண்களை மாதாமாதம் ஆலை வாசலில் ஒட்டட்டும், நான் எதிர்ப்பதை நிறுத்திக்கொள்கிறேன். டிரம் வீடியோ அனுப்பும் நண்பர்களும் அதே கருவியை டிரம்மில் மாட்டி அளந்து போட்டால் சந்தோஷமாகப் பார்ப்பேன்.