அந்த வெண்கலத்தை விட்டுவிட்டீர்களே

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி பற்றிய கட்டுரை அருமை. ஆனால் 2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக்கில் நம் பெண்கள் வாங்கிய வெண்கலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அந்தக் கோப்பையில் நம் பெண்களுக்கு அதுதான் முதல் பதக்கம்.

இங்கிலாந்துடன் 1-1 என முடிந்து ஷூட்-அவுட்டுக்குப் போன ஆட்டம். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு தனியாக ஓடி, 8 விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டி அடிக்க வேண்டும். பெரியவர்களுக்கே கை நடுங்கும். சுசீலா சானு தலைமையிலான அணி அதில் ஜெயித்தது. ஆட்டத்தில் கோல் போட்ட ராணி ராம்பாலுக்கு அப்போது 18 வயது. ஹரியானாவில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். தொடரின் சிறந்த வீராங்கனையும் அவர்தான். அந்த அணியைப் பற்றித் தனியாக எழுதுங்கள், சார்.