லூக்குல்லஸ் வெறும் சாப்பாட்டு ராமன் இல்லை

ரோமானியத் தளபதி லூக்குல்லஸ் என்றால் விருந்து, மீன் குளம், கருங்கடல் கரையிலிருந்து ரோமுக்கு அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் செர்ரி மரம், இவைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இதில் எனக்கு ரொம்ப நாளாக வருத்தம். அவர் ஆசியா மைனரில், அதாவது இன்றைய துருக்கியில், நடத்திய போரை யாரும் பேசுவதே இல்லை.

கி.மு. 73இல் கருங்கடல் கரையில் இருந்த பொந்துஸ் நாட்டு மன்னர் மித்ரிடேட்டிஸ் பெரும்படையோடு சிசிகஸ் நகரை வளைத்தார். லூக்குல்லஸ் நேரே போய் மோதவில்லை. எதிரிக்குத் தானியம் வரும் வழியை அடைத்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்துகொண்டார். முற்றுகை போட்டவர்களே குளிர்காலத்தில் பட்டினியில் கரைந்துபோனார்கள். 69இல், மித்ரிடேட்டிஸுக்கு அடைக்கலம் கொடுத்த ஆர்மீனிய மன்னர் டிக்ரானஸ், “தூது வந்தவர்கள் என்றால் அதிகம், சண்டைக்கு என்றால் குறைவு” என்று ரோமானியப் படையைக் கிண்டலடித்தாராம். அன்றைக்கே அவருடைய படை சிதறி ஓடியது.

என்னைக் கேட்டால், லூக்குல்லஸின் பெரிய காரியம் போர்க்களத்தில் நடக்கவில்லை. ரோமின் ஆசிய மாகாணத்துக்கு முன்பு ரோமானியத் தளபதி சுல்லா போட்ட 20,000 டாலண்ட் (வெள்ளியை நிறுக்கும் பழைய அளவு) தண்டம், கந்துவட்டி ஏறி 1,20,000 ஆகியிருந்தது. ஜனங்கள் பெற்ற பிள்ளைகளை விற்றார்கள். வட்டி மாதம் 1 சதவீதம்தான், அசலைத் தாண்டிய வட்டி தள்ளுபடி, கடன் வாங்கியவரின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று லூக்குல்லஸ் உத்தரவு போட்டார். நாலு வருடத்துக்குள் கடன்கள் தீர்ந்தன. ரோமில் இருந்த வட்டிக்காரர்கள் சும்மா விடுவார்களா? அரசியல்வாதிகளைக் காசால் பிடித்து அவருக்கு எதிராகக் கிளப்பிவிட்டார்கள்.

ஆனால் வெறுமனே ‘பாவம்’ என்று சொல்லிவிடவும் முடியாது. வீரர்களோடு ஒட்டவே தெரியாத ஆள். கி.மு. 86லிருந்தே வீடு திரும்பாத படையணிகள் அவரிடம் இருந்தன. அவர்களைக் குளிர்காலத்திலும் ஊருக்குள் தங்க விடாமல் கூடாரத்திலேயே வைத்திருந்தார். 68இல் ஆர்மீனியப் பனியில் ‘இனி நடக்க மாட்டோம்’ என்று நின்றுவிட்டார்கள். போதாததற்கு, சொந்த மச்சான் குளோடியஸே முகாமில் தூபம் போட்டார். கடைசியில் காலிப் பணப்பைகளை அவர் முன்னால் வீசி, ‘எதிரியோடு நீரே தனியாகச் சண்டை போடும்’ என்றார்கள்.

66இல் இன்னொரு ரோமானியத் தளபதியான பாம்பி வந்து பொறுப்பேற்றார். களைத்துவிட்டோம் என்று முரண்டு பிடித்த அதே வீரர்கள் அவரிடம் மறுபடி பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள். மித்ரிடேட்டிஸை ஒழித்த பெருமையும் பாம்பிக்கே போய்ச் சேர்ந்தது.