ஸ்க்வின்னி என்ற பெயரைத் திருத்த வேண்டாம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், குறிப்பாக அதன் தலைநகரான டெ மாயினைச் சுற்றி வளர்ந்தவர்களிடம், புல்தரையில் ஓடும் கோடு போட்ட சிறு விலங்கைக் காட்டி இது என்ன என்று கேட்டால், பலர் ‘ஸ்க்வின்னி’ என்பார்கள். வடக்கே மின்னசோட்டாவில் அதே விலங்கு ‘கோஃபர்’. விலங்கியல் நூல்களில் அது ‘பதின்மூன்று கோட்டுத் தரையணில்’. ஸ்க்வின்னி என்பது விவரம் தெரியாதவர்களின் வழக்கு, பிள்ளைகளுக்காவது சரியான பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் கருதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இவற்றில் திருத்தத் தகுந்த பெயர் ஒன்று உண்டென்றால், அது ஸ்க்வின்னி அல்ல, கோஃபர்தான்.

கோஃபர் என்ற சொல் மேற்குச் சமவெளிகளில் இரண்டு வேறுபட்ட விலங்குகளைக் குறிக்கிறது. ஒன்று, கன்னத்தில் தீனிப்பையோடு வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கும் பைக்கோஃபர். வயலில் மண்மேடுகளைத் தள்ளிவைத்து அறுவடை இயந்திரங்களுக்கு இடைஞ்சல் செய்வது அதுதான். மற்றொன்று நம்முடைய கோட்டணில்; பகல் வெளிச்சத்தில் மேய்ந்து, வெட்டுக்கிளிகளையும் விதைகளையும் தின்று, ஆள் நடமாட்டம் கேட்டால் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, மேடு எதுவும் இல்லாத சிறு வளைக்குள் சட்டென்று மறைந்துவிடும். மின்னசோட்டாவின் வயோலா என்ற சிற்றூரில் 1874 முதல் ஆண்டுதோறும் ‘கோஃபர் எண்ணிக்கை’ என்றொரு விழா நடக்கிறது. பிடித்த கோஃபரின் கால்களைக் கொண்டுவந்தால் சன்மானம் கொடுப்பதில் தொடங்கிய விழா அது. அங்கே எண்ணப்படுவது பைக்கோஃபர். ஆனால் பெயர் ஒன்றாக இருக்கும்போது, ஒன்றின் மீதுள்ள கோபம் மற்றொன்றின் தலையில் விடிவது எளிது.

இந்தக் குழப்பம் ஒரு மாநிலத்தின் அடையாளத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. 1858-இல் ரயில்பாதை நிறுவனங்களுக்கு ஐம்பது லட்சம் டாலர் வரை அரசின் பெயரில் கடனுதவி கொடுக்கும் திட்டம் மின்னசோட்டாவில் வந்தபோது, அதை எதிர்த்து ஆர். ஓ. ஸ்வீனி ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். மனிதத் தலையும் கோடு போட்ட உடலும் கொண்ட கோஃபர்கள், அரசியல்வாதிகளை ஏற்றிய ரயில்பெட்டியை இழுத்துச் செல்வது போன்ற படம் அது. வாக்காளர்கள் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். கடன் பெற்ற நிறுவனங்கள் பாதையைப் போட்டு முடிக்காமலே நொடித்துப்போயின. படம் மட்டும் நிலைத்தது, மின்னசோட்டா ‘கோஃபர் மாநிலம்’ ஆயிற்று. கோடுகளைப் பார்த்தால் ஸ்வீனி வரைந்தது தரையணிலைத்தான் என்பது தெளிவு. அம்மாநிலப் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளின் சின்னமான கோல்டியின் உடலிலும் கோடுகள் உண்டு. கோடே இல்லாத பைக்கோஃபருக்கு இந்தப் புகழில் ஒரு பங்கும் இல்லை, பெயரைத் தவிர.

இனி நூற்பெயர். 1821-இல் அமெரிக்க இயற்கையியலாளர் சாமுவேல் மிட்சில் இவ்விலங்கை விவரித்தபோது முதுகிலுள்ள கோடுகளின் எண்ணிக்கையையே பெயராக வைத்தார். கரும்பழுப்பும் வெளிர்நிறமும் மாறி மாறி வரும் அந்தக் கோடுகளில், கரும்பட்டைகளின் நடுவே வெளிர்ப்புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன. அதனால் ‘சிறுத்தைத் தரையணில்’ என்றும் அழைத்திருக்கிறார்கள். மூன்று கோட்டு அணிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பதின்மூன்று சற்று ஆடம்பரமாகத் தோன்றலாம். அறிவியலுக்கு அப்பெயர் தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற விலங்கின் முதுகில் பதின்மூன்றை எண்ணிவிட்டு யாரும் அதை அடையாளம் காண்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் தோரணையையும் கீச்சென்று எழும் எச்சரிக்கைக் குரலையும் வைத்துத்தான் அயோவாக்காரர் ‘அதோ ஸ்க்வின்னி’ என்கிறார். சிலர் சிப்மங்க் என்ற இன்னொரு கோட்டணிலையும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். வயலைத் தோண்டும் விலங்கோடு குழப்பிக்கொள்வதை விட அது எவ்வளவோ மேல்.

இந்த வட்டாரப் பெயரை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அயோவாவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரு காலத்தில் உயர்புல் சமவெளியாக இருந்தது. ஏர் வந்தபின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அந்தப் புல்லோடு சேர்ந்து எத்தனையோ உயிர்கள் ஒடுங்கின. குட்டைப்புல்லை விரும்பும் ஸ்க்வின்னியோ வீட்டுப் புல்தரைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் கோல்ஃப் திடலுக்கும் குடிபெயர்ந்து, நகரத்தாரின் அண்டை வீட்டுக்காரராகிவிட்டது. புல் வெட்டும் இயந்திரம் அதற்கு எதிரியாக இல்லாமல் உதவியாளாகப் போனது வேடிக்கைதான். அன்றாடம் கண்ணில் படுகிற விலங்குக்குத்தான் மக்கள் செல்லப்பெயர் வைப்பார்கள்.

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வளைக்குள் சுருண்டு, உடல்வெப்பத்தை உறைநிலைக்குச் சற்று மேலே வரை இறக்கி, நிமிடத்துக்குச் சில துடிப்புகளோடு இதயத்தை ஓட்டும் இந்த உயிர், ஆய்வுக்கூடங்களிலும் பெரிய ஆள். உண்ணாமல் கிடந்தும் அதன் தசைகள் அதிகம் கரையாமலிருக்க, குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உடலின் கழிவுப்பொருளான யூரியாவிலிருந்து நைட்ரஜனை மீட்டுத் தருவது உதவுகிறது என்பதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் நூற்பெயர் இருப்பதே முறை. பூங்காவின் தகவல் பலகையில் மட்டும், நூற்பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில் ஸ்க்வின்னி என்று எழுதட்டும் என்பதே என் கோரிக்கை.

உயர்புல்லை நம்பி வாழும் ஃப்ராங்க்ளின் தரையணிலுக்கு, சொந்தமாக ஒரு செல்லப்பெயர் பெறும் இந்த வாய்ப்புக்கூட இல்லை. இல்லினாயில் அது அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினம், இந்தியானாவில் அருகிவரும் உயிரினம். ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘சாம்பல் கோஃபர்’; அதுவும் இரவல்.