ஆறு நிமிஷமாம், ஆறு நிமிஷம்! செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டைத் தாண்ட அவ்வளவுதானாம், வழிகாட்டும் ஆப் சொல்லுது.

ஒவ்வொரு பெருநாளுக்கும் இதே கூத்து. மலேசியாவின் பேராக்கில், சிலிம் ரிவருக்கும் தாப்பாவுக்கும் நடுவே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஜேம் ஆகவேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் பழைய கூட்டரசுச் சாலையும் நிரம்பும். அப்புறம் பீடோர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் மண் ரோட்டில் வெளியூர்க் காடிகள் வரிசை கட்டும். ஜன்னலை இறக்கி, "அண்ணே, இந்த வழி வெளியே போகுமா?" போகாது தம்பி! முன்னால் மதகில் ஒரு டிரக்டரும் ஒரு வேனும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்குது.

கோபம் காடி ஓட்டுறவர் மேல் இல்லை. அந்த வழியைக் காட்டிய ஆப் மேல்தான். ஏனென்றால் இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு எது சீக்கிரமோ அந்த வழியைத் தேடிப்போனால், கடைசியில் ஆட்கள் போகும் எல்லா வழியும் ஒரே நேரம் பிடிக்கும் என்று போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் 1952-லேயே எழுதிவிட்டார். எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் அதுதான் மிகக் குறைவு என்று அர்த்தமில்லை என்பதும் அதிலேயே இருக்கு. 1968-ல் கணித அறிஞர் பிரேஸ் இன்னும் மோசமான சேதி சொன்னார்: புதிதாக ஒரு ரோட்டை இணைத்தாலே எல்லாருக்கும் நேரம் கூடிப்போகலாம்.

கணக்கே போட்டுப் பார்ப்போம். தோட்டத்து ரோடு 6 கிலோமீட்டர், வேகம் 60 என்று வரைபடம் நம்புது. அதனால் 6 நிமிஷம். (செம்மண் குழியில் 60-ல் போய்ப் பாருங்க, தெரியும்.) மணிக்கு 300 காடி தாங்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சாலைத் திட்டக்காரர்களின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: காடி எண்ணிக்கையைத் தாங்குதிறனால் வகுத்து, வந்ததை நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, 0.15-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டி, அந்த 6 நிமிஷத்தால் பெருக்கு. 300 வந்தால் 6.9 நிமிஷம். 600 வந்தால் 20.4. 750 வந்தால் 41! அதுவும் எல்லாரும் ஊர்ந்தாவது போகிறார்கள் என்ற நினைப்பில். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்து மதகு அடைபட்டால் சூத்திரத்துக்கே வேலை இல்லை.

பிறகு மனுசன் வழியை எப்படித் தேர்ந்தெடுக்கிறான் என்று கணக்கிடும் மாதிரி (model). 'லோஜிட்' என்பார்கள். இரண்டு வழிக்கும் 10 நிமிஷ வித்தியாசம் என்றால், நேரத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி ஊகிக்கும் பழைய காலத்தில் நூறு பேரில் 73 பேர் குறுக்கே போவார்கள், 27 பேர் இருந்த வழியிலேயே இருப்பார்கள் (நேர வித்தியாசத்தை மனுசன் எவ்வளவு கறாராகப் பார்க்கிறான் என்ற உணர்வளவு நிமிஷத்துக்கு 0.1 என்று வைத்தால்). அந்தக் குழப்பம்தான் ரோட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது எல்லார் கையிலும் ஒரே எண், ஒரே நீலக்கோடு. உணர்வளவை 1 ஆக்கிப் பாருங்க, நூறு பேரும் உள்ளே! 1991-லேயே போக்குவரத்து ஆய்வாளர் பென்-அகிவாவும் கூட்டாளிகளும் எச்சரித்தது இதைத்தான்: ஒரே தகவல் எல்லாருக்கும் போனால், எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

இதைவிடக் கொடுமை தகவல் திரும்பிப் போகும் விதம். ஆப்புக்கு நெரிசல் தெரியணும் என்றால் உள்ளே மாட்டிய போன்கள் சொல்லணும். தோட்டத்துக்குள் லைன் ஏது? நாற்பது காடி நின்றாலும் மேலே ஒரு சத்தமும் போகாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு மோட்டார் ஓரமாக நுழைந்து போனால், ரோடு நல்லா ஓடுது என்று எடுத்துக்கொள்ளக்கூட வாய்ப்பிருக்கு. அடுத்த நாற்பது பேருக்கும் அதே நீலக்கோடு.

"ஓட்டுநர்கள் ஆலோசனையைக் கேட்பார்களா" என்று கேள்வித்தாள் கொடுத்து அளக்கிறார்கள். பகலில், குளிர்சாதன அறையில், டீயோடு உட்கார்ந்தவர் "தெரியாத ரோட்டில் போகமாட்டேன்" என்றுதான் டிக் போடுவார். ராத்திரி பதினொன்று, மழை, பின்சீட்டில் பிள்ளை அழுகை, முன்னால் சிவப்பு விளக்கு மாலை. அந்த மனுசனை எந்தத் தாளில் அளந்தீர்கள்? சொற்ப லாபத்துக்கு ஆள் வழி மாறமாட்டான், ஒரு அளவு தாண்டினால்தான் மாறுவான் என்று இன்னொரு ஆய்வாளர் மகமசானி 1987-லேயே மாதிரியில் சேர்த்தார். அந்த அளவு ஊர்க்காரனுக்கு வேறு, வெளியூர்க்காரனுக்கு வேறு. நம்மாள் மதகை நினைத்தே ஒதுங்குவான்.

இதற்கு நடுவில் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகணும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறி, தரம் இறங்கும். லோரி கிளம்ப வழியில்லை. அந்த நஷ்டம் மேலே சொன்ன மாதிரிகளில் ஒரு வரியாகக்கூட இல்லை. தனியார் ரோடு என்று வரைபடத்தில் குறித்து, கடந்துபோகும் காடிக்குப் பெரிய நேரத் தண்டனை போடுவது ஒரு மதியத்து வேலை. பத்துப் பேரில் மூன்று பேருக்கு மட்டும் மாற்றுவழி காட்டுவதும் ஆகாத காரியமில்லை.

அதைச் செய்யும்வரை, வெளியூர் அண்ணே அக்கா, ஒன்றுதான்: தார் முடியும் இடத்திலேயே காடியைத் திருப்புங்க. மதகு தாண்டினால் திருப்ப இடமே கிடையாது.