ஃபேன் சுத்துனா சப்ளை நல்லாருக்குன்னு அர்த்தமில்லீங்க

மூணு நாளா பேசாம இருந்தேனுங்க. என்ற கடைல கம்ப்யூட்டரு ரிப்பேர் பண்ணிட்டுப் போன ஒரு அண்ணன் போட்ட அந்த வீடியோவ நம்ம ஊர் குரூப்புல எல்லாரும் பாத்துட்டீங்க, பாத்தவங்கள்ல பாதிப்பேரு எனக்கே திருப்பி அனுப்பி "ஏனுங்ணா, இது உங்க கடையா?"ன்னு கேட்டும் ஆச்சு. ஆமாங்க, என்ற கடைதான். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு குடுக்கற சப்ளைப் பெட்டி, அத மாத்தோணும்னு சொன்னதும் நான்தான். சொன்னது சரின்னு இன்னைக்கும் சொல்றேன்.

வீடியோல என்ன இருக்கு? நான் கழட்டிக் குடுத்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸ டேபிள் மேல வெச்சு, மதர்போர்டுக்குப் போற 24 பின் சாக்கெட்டுல பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்புல சேத்து, சுவிட்சப் போட்டதும் ஃபேன் சுத்துது. "நல்லா ஓடற சாமானத்தப் போச்சுன்னு சொல்லிக் காசு புடுங்கியிருக்காங்க மக்களே." அவ்ளோதான். அதுக்குக் கீழ எத்தன பேரு என்னத் திருடன்னு எழுதியிருக்காங்கன்னு நான் எண்ணல, என்ற பொண்டாட்டி எண்ணியிருக்கா.

பச்சை வயரையும் கருப்பையும் சேக்கறது ஒரு டெஸ்ட்டுதான், நானும் தெனமும் செய்யறேன். பவர் பட்டன அமுக்குனா மதர்போர்டு என்ன செய்யுமோ அதத்தான் அந்தக் கிளிப்பு செய்யுது. எந்திரின்னு சொல்லுது, அது எந்திரிக்குது. எந்திரிச்சு நின்னுட்டா நெல்லு மூட்டையத் தூக்கிருமா? அந்த ஃபேன் சுத்தறதுக்கு ரெண்டு மூணு வாட்ஸ் இருந்தா போதும். அந்த அண்ணன் வீட்டுப் பையனோட கம்ப்யூட்டரு கேம் ஓடறப்ப கேக்கறது 300 வாட்ஸ் பக்கம். மூணு வாட்ஸ் குடுத்துருச்சு, அதனால 300 வாட்ஸும் குடுக்கும்னா என்ன கணக்குங்க இது?

திம்பம் போயிருப்பீங்க எல்லாரும். பண்ணாரிக்கு மேல 27 கொண்டை ஊசி வளைவு. காலி லாரி எப்படியோ உறுமிக்கிட்டு ஏறிரும், கரும்பு லோடு ஏத்துன லாரி எத்தனாவது வளைவுல நிக்குதுன்னு பாத்தாத்தான் இஞ்சின் எப்படின்னு தெரியும். ஷெட்டுல நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி ஹாரன் அடிச்சுக் காமிச்சுட்டு "வண்டி நல்லாருக்கு"ன்னா யாராச்சும் வாங்குவீங்களா? லோடு குடுத்துப் பாக்காத டெஸ்ட்டு டெஸ்ட்டே இல்லீங்க. இத நான் இந்தப் பதிவுல இன்னும் நாலு தடவ சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

அந்த மெஷினு என்ன நெலமைல வந்துச்சுன்னு சொல்றேன், வீடியோல அது வரல. ஐ5 12400எஃப் பிராசசரு, அதுக்கு மேல தீபாவளிக்கு வாங்கிப் போட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, கேமுக்குப் படம் காட்டற கிராஃபிக்ஸ் கார்டு. பிராசசரு டர்போல, அதாவது முழு வேகத்துல, 117 வாட்ஸ் வரைக்கும் போகும், கார்டு 170 வாட்ஸ். கம்பெனிக்காரனே இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் சப்ளை போடுங்கன்னு சொல்றான். இவங்ககிட்ட இருந்தது பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி மாட்டுன ஒண்ணு. மேல பெருசா 450ன்னு எழுதியிருக்கும். பெருசா எழுதுனத பாக்காதீங்க, பக்கத்துல ஒட்டியிருக்கற லேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்ப்ஸ்னு பாருங்க, அதுல 18ன்னு இருந்துச்சு. பன்னெண்ட பதினெட்டால பெருக்குங்க, 216 வாட்ஸ். பிராசசரும் கார்டும் மட்டும் 287. மதர்போர்டு, ஹார்டுடிஸ்க், ஃபேனுங்க எல்லாம் தனி. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்ல பாரம் பூராவும் 12 வோல்ட் மேலதான் உக்காருது. 3.3 வோல்ட், 5 வோல்ட்டுன்னு எல்லாத்தையும் கூட்டி 450ன்னு போட்டுக்கறது வெறும் அட்டைப்பெட்டிக் கணக்கு.

அதுலயும் கார்டுக்குப் போற 8 பின் வயரே அந்த எஸ்எம்பிஎஸ்ல கெடையாது. ஹார்டுடிஸ்க்குக்குப் போற பழைய நாலு பின் வயர்ல இருந்து கன்வெர்ட்டர் போட்டு இழுத்திருந்தாங்க. அந்த வெள்ளை கனெக்டர நான் கைல எடுத்தப்பவே 12 வோல்ட் வர்ற மஞ்ச வயரு போற ஓட்டையச் சுத்தி பிளாஸ்டிக்கு டீத்தூள் கலருக்கு மாறியிருந்துச்சு, மோந்து பாத்தா கருகல் வாசம். போட்டோ எடுத்து அந்த அண்ணனுக்கு வாட்ஸப்புல அனுப்பியும் இருக்கேன். வீடியோல அந்த போட்டோ எங்கீங்க?

அவங்க சொன்ன கம்ப்ளைன்ட்டு இது. பொழுதன்னைக்கும் யூடியூப் பாத்தா, டைப் அடிச்சா ஒண்ணும் ஆகறதில்ல, கேமத் தொறந்தா பத்து நிமிஷத்துல டப்புன்னு அணைஞ்சு தானா மறுபடி ஆன் ஆவுது. நீலத்திரை வரதில்ல, எர்ரர் இல்ல, ஒண்ணுமில்ல. விண்டோஸ் நடந்ததக் குறிச்சு வெக்கற ஈவென்ட் வியூவர்ல கர்னல் பவர் 41ன்னு வரிசையா நிக்குது. அந்த 41 வந்தாலே எஸ்எம்பிஎஸ்தான்னு நான் சொல்ல மாட்டேன், விண்டோஸ் ஒழுங்கா அணையாம போச்சுன்னு மட்டுந்தான் அதுக்கு அர்த்தம். அதனாலதான் ரேம கழட்டி மாட்டி டெஸ்ட் ஓட்டுனேன், பிராசசரு சூடு பாத்தேன், 70 டிகிரி தாண்டல. செவுத்து பிளக்குல 228 வோல்ட்டு. எல்லாம் பாத்துபோட்டுதான் மீட்டர எடுத்தேன்.

கம்ப்யூட்டரு சும்மா இருக்கறப்ப 12.1 வோல்ட்டு. வீடியோ போட்ட அண்ணனும் மீட்டர் வெச்சுப் பாத்து "கரெக்டா 12 காட்டுது"ன்னு எழுதியிருக்காரு. காட்டும்ங்க! பாரமே இல்லாதப்ப காட்டத்தான் செய்யும். நான் கேம ஓடவிட்டு, மஞ்ச வயருக்குப் பின்னாடி சிவப்பு முள்ள சொருகி, கருப்ப கருப்புல வெச்சுப் பாத்தேன். 11.7. 11.5. கார்டு ஃபேனு வேகமெடுத்ததும் 11.2, அடுத்த நொடி ஸ்கிரீன் போச்சு. 5 சதவீதம் ஏற எறங்க இருக்கலாம், அதாவது 11.4க்குக் கீழ போகக் கூடாது. போச்சு. அந்தப் பையன் பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் இருந்தான். அப்பறம் கடைல இருக்கற 550 வாட்ஸ் சப்ளைய மாட்டி ரெண்டு மணி நேரம் அதே கேம ஓட விட்டேன், 11.9ல அசையாம நின்னுச்சு, ஒரு தடவ கூட அணையல. இதுக்கு மேல என்னத்த நிரூபிக்கறதுங்க?

"பயாஸ்ல நல்லாத்தான காட்டுது"ன்னு ஒருத்தரு. பயாஸ் திரைல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங் திரைல, நிக்கறப்ப கார்டு தூங்கிட்டு இருக்குது, போர்டுல இருக்கற சென்சரும் துல்லியம் கெடையாது. விட்டுருங்க அத.

"ரெண்டு வருசமா ஓடுனது திடீர்னு எப்படிக் கெடும்?"னு இன்னொருத்தரு. இந்தக் கேள்வி நாயமானதுங்க. ரெண்டு விதமா ஆகும். ஒண்ணு, சப்ளை கெடல, நீங்க பாரத்த ஏத்திட்டீங்க, புதுக் கார்டு வந்தது தீபாவளிக்கு, கம்ப்ளைன்ட்டு வந்தது அதுக்கப்பறம். இன்னொண்ணு, உள்ள கரண்டத் தேக்கி வெக்கற கேபசிட்டரு வருசம் ஆக ஆகக் காஞ்சு போகும், பத்து டிகிரி சூடு கூடுனா ஆயுசு பாதியாயிரும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல சூடு மட்டுமா? பனியன் கம்பெனிலயும் தறிக் குடோன்லயும் இருந்து வர்ற எஸ்எம்பிஎஸ்ஸப் பாத்திருக்கீங்களா, ஃபேன் கம்பிக்குப் பின்னாடி பஞ்சு தலகாணி மாதிரி அடைச்சு நிக்கும், விரல்ல புடிச்சு இழுத்தா துணி மாதிரி ஒரே படலமா வரும். அதுக்குள்ள காத்து எங்க போறது. அப்படி காஞ்சது எப்படி ஆரம்பிக்கும்னா, காத்தால அஞ்சு தடவ அமுக்குனாத்தான் ஆன் ஆவும், ஒரு தடவ ஆன் ஆயிட்டா அன்னைக்குப் பூரா ஓடும். யூஎஸ்பி அப்பப்ப விட்டு விட்டு வரும். மீட்டர்ல இதெல்லாம் தெரியக்கூடச் செய்யாது, 12ன்னே காட்டும், உள்ளுக்குள்ள வோல்ட்டு ஏறி எறங்கி அலை அடிச்சுட்டு இருக்கும், 120 மில்லிவோல்ட்டுக்கு மேல அடிக்கக் கூடாது, அதப் பாக்க அந்த அலையத் திரைல கோடாக் காட்டற ஆசிலோஸ்கோப் வேணும். எந்தத் தெருக்கடைல ஆசிலோஸ்கோப் இருக்குது? அதனாலதான் நல்ல சப்ளை ஒண்ண மாட்டிப் பாக்கறோம்.

"கேபினட்டத் தொட்டா சுர்ருங்குது, எஸ்எம்பிஎஸ் போச்சா?"ன்னு இதே சாக்குல எட்டுப் பேரு இன்பாக்ஸ்ல. அது பெரும்பாலும் எர்த்து இல்லாததுங்க. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்கற ஃபில்டரு எர்த்து கெடைக்கலீன்னா கேபினட்டுலயே 100 வோல்ட் பக்கம் நிப்பாட்டி வெச்சுரும், கரண்டு ரொம்பக் கம்மி, அதனால சுர்ரோட போகுது. எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு எர்த்து பாருங்க. பாத்தீங்களா, இதுக்கு எஸ்எம்பிஎஸ் விக்கறவனா இருந்தா எட்டு வித்திருக்கலாமே நான்.

ஆமா, "எல்லாத்துக்கும் எஸ்எம்பிஎஸ்னு சொல்ற மெக்கானிக்கு இருக்காங்க"ன்னு சொல்றீங்க. இருக்காங்க. இல்லேன்னு சொல்லல. ஆனாக்க எனக்கு இந்தப் பொழப்புல மனசுல நிக்கறது அதுக்கு நேர் எதிரானது.

2012ல நடந்ததுங்க. ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் கரண்டு இருந்துச்சுன்னு அப்ப தறி ஓட்டுனவங்களக் கேளுங்க. அந்த வருசம் வந்து வந்து போன கரண்டுல எஸ்எம்பிஎஸ் செத்தது கொஞ்ச நஞ்சமில்ல. பல்லடத்துப் பக்கம் நாலு தறி போட்டிருந்த ஒரு ஐயன், மக காலேஜுல படிக்கறான்னு கம்ப்யூட்டரு வாங்கிக் குடுத்திருந்தாரு. டிஸ்ப்ளே வரலேன்னு மொபெட்ல சாக்குல சுத்திக் கொண்டாந்தாரு. நான் அப்ப கடை வெச்ச புதுசு. இதே கிளிப்பு டெஸ்ட்டுதான் பண்ணுனேன். ஃபேன் சுத்துச்சு. சப்ளை நல்லாருக்கு, அப்ப போர்டுதான் போச்சுன்னு சொல்லிப்போட்டேன். அவரு ஒண்ணும் பேசல, இடுப்புல இருந்து பையெடுத்து எண்ணி எண்ணி வெச்சாரு, புதுப் போர்டும் அதுக்கேத்த பிராசசரும் ரேமும். கேபினட்டு ஸ்டைலா இருக்கட்டும்னு புது எஸ்எம்பிஎஸ்ஸோட மாத்திக் குடுத்தேன், ஓடுச்சு, எனக்குப் பெருமை வேற. மூணு மாசம் கழிச்சு அட்டாலில கெடந்த அந்தப் பழைய போர்ட எடுத்து வேற சப்ளைல சும்மா மாட்டிப் பாக்கறேன், டிஸ்ப்ளே வருது. போர்டு நல்ல போர்டு. செத்திருந்தது எஸ்எம்பிஎஸ்.

அவரு வீட்டத் தேடிப் போனேன். தறிய வித்துட்டு மக படிச்ச ஊருக்கே போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. அந்தப் போர்டு என்கிட்டத்தான் இருக்கு, யாருக்கும் விக்கல. அன்னைல இருந்து கிளிப்ப மட்டும் நம்பி ஒரு வார்த்த நான் சொன்னதில்லீங்க. லோடு குடுக்காம வாயத் தொறந்ததில்ல. அதே கிளிப்பத்தான் இப்ப தூக்கிக் காமிச்சு என்னத் திருடன்னு சொல்றீங்க, அதான் தாங்க முடியல.

பழைய சாமானத் திருப்பிக் குடுக்காம இருந்திருந்தா இந்த வீடியோவே வந்திருக்காது. உங்க பொருளு உங்ககிட்டயே இருக்கட்டும்னு கவர்ல போட்டுக் குடுத்தவன் நான். அத டேபிள் மேல வெச்சு ஷூட்டிங் எடுக்கறீங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்லீங்க? பதினாலு வருசமா உங்க வீட்டு நோம்பிக்கெல்லாம் வந்திருக்கேன், உங்க அப்பாரு காரியத்துக்கு வந்திருக்கேன். ஒரு வெசனமும் இல்லாம குரூப்புல போட்டுட்டீங்க.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் கையெடுத்துக் கேட்டுக்கறேன், அந்த வீடியோவப் பாத்துபோட்டு மூடியத் தொறந்து உள்ள நோண்டாதீங்க. பிளக்கப் புடுங்குனாலும் உள்ள இருக்கற பெரிய கேபசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கும். கீழ ஒரு தம்பி "தொறந்து கேபசிட்டர் மாத்திக்கலாம்"னு எழுதியிருக்கான், வேண்டாஞ்சாமி.

நேத்து பொழுதோட கடைல காரு ஹெட்லைட் பல்பு மூணு வாங்கி பலகைல அடிச்சு வெச்சிருக்கேன். 12 வோல்ட், 55 வாட்ஸ். அந்த மாடல் எஸ்எம்பிஎஸ்ஸே இன்னொண்ணு கடைல கெடக்குது, அதுல மாட்டிப் பாத்தேன். மொத பல்பு எரியுது, 11.8. ரெண்டாவது சேத்தா 11.5. மூணாவதத் தொட்டதும் மூணும் மங்கி மஞ்சளாகுது, அப்பறம் எல்லாம் அணைஞ்சு போவுது. மூணும் சேத்தே 165 வாட்ஸ்தானுங்க. அது அணையற நொடி வரைக்கும் ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அந்த அண்ணன் அவரோடதையும் கொண்டாரட்டும், அவரு மீட்டரையே கொண்டாரட்டும். ஞாயித்துக்கெழமை லீவு, மத்த நாள்ல ஆறு மணிக்கு மேல கடைலதான் இருப்பேன்.